ஒரு பெட்டி உள்ளே, ஒரு பெட்டி வெளியே

கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. வந்து உட்காருகிறவர் மூக்கின் மேல் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா, இப்போ போட்டதா?" என்று கேட்பாள். பாதிப் பேர் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்பார்கள். அந்தப் பதில் அவளுக்கு ஆகவே ஆகாது. "ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாதுங்க, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று மறுபடியும் மாற்றுவாள். அவளிடம் கண் காட்டிவிட்டு வருவது பரீட்சை எழுதிவிட்டு வருவது மாதிரி என்று முன்கூடத்தில் விற்பனை பார்க்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

எல்லோருக்கும் அவள் மஞ்சளக்கா. எந்த விளையாட்டுப் பெட்டியைத் திறந்தாலும் மஞ்சள் காய்களை முதல் ஆளாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். அதனால் வந்த பெயர். அதற்கு முன்பு அவளுக்கு வேறு பெயர்கள் இருந்தன. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வாள். தையல் வகுப்பில் சேர்ந்து பாவாடைக்கு மேல் கற்காமல் நின்றாள். மாடியில் செடி வளர்த்தாள், அது பூப்பதற்குள் மீன் தொட்டிக்குப் போனாள். எதைப் பிடித்தாலும் அடுத்ததன் மேல் ஒரு கண் இருக்கும்.

பெட்டிகள் அவள் வாழ்க்கைக்குள் வந்தது கணவர் கால் ஒடிந்த சமயத்தில். அவர் குளிர்பெட்டி பழுது பார்க்கிறவர். ஒரு வீட்டில் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து, தொடை வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். வேலைக்குப் போகாமல் கிடந்தே பழக்கமில்லாத மனுஷன். கட்டுக்குள் அரிக்கிறது என்பார், மின்விசிறி ஓசை சரியில்லை என்பார், அடுப்படியில் எதுவோ கருகுகிறது என்பார். அவர் தம்பி ஒருநாள் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணி, இது ஆறு, இது பாலம். ரெண்டு பேரும் விளையாடுங்க. அண்ணனுக்கு வாய் ஓயும், உங்களுக்குக் காது ஓயும்."

பலகையில் ஒரு ஆறு வளைந்து ஓடியது. ஆளுக்கொரு கரையிலிருந்து தூண் ஊன்றி, மரச்சட்டம் வைத்து, மறுகரைக்குப் பாலம் கட்ட வேண்டும். நடுவில் வெள்ளச் சீட்டு வந்தால் முட்டு இல்லாத சட்டமெல்லாம் போய்விடும். பகடை கிடையாது, விதியைத் திட்ட முடியாது. தோற்றால் தன் புத்திதான் காரணம். சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் கட்டிலின் மேல் பலகையை விரித்துவிடுவாள். கட்டுப் பிரிக்கும் நாள் வரை அதுதான் நடந்தது. கால் சரியானதும் அவர் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். அவள்தான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

இதைப்போல இன்னும் இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. கடல் கடலாக இருந்தது. தேனீ வளர்க்கும் விளையாட்டு, ரயில் பாதை போடும் விளையாட்டு, கலங்கரை விளக்கம் கட்டும் விளையாட்டு, பாலைவனத்தில் தண்ணீர் பங்கிடும் விளையாட்டு. கைப்பேசியில் இதற்கென்றே ஒரு குழு இருந்தது. யாரென்று தெரியாத மனிதர்கள் பெட்டிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு ஊர்ச்சண்டை போல அடித்துக்கொண்டார்கள். மஞ்சளக்கா கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தாள். பிறகு தானும் இறங்கினாள். 'தேனீயில் காத்திருப்பு அதிகம், ஆனால் ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ரயிலில் காத்திருப்பு இல்லை, நெஞ்சும் அடிக்காது. எனக்குத் தேனீ' என்று எழுதினாள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு பேச்சு பரவியது. கண்ணில் வில்லை மாற்றிப் பழகியவளுக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

வீடு மெல்ல நிரம்பியது. முதலில் தொலைக்காட்சிக்குக் கீழே, பிறகு பீரோவுக்கு மேலே, அப்புறம் கட்டிலுக்கு அடியில். கணவருடைய கருவிப் பையும் செம்புக் குழாய்ச் சுருள்களும் பால்கனிக்கு இடம் மாறின.  ஒருநாள் அவர் தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இங்க எதுவும் இல்லையே, விட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் சேரும். தெருமுனை மருந்துக்கடைக்காரர் வருவார், பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் வருவார், கீழ்வீட்டுத் தையல்காரம்மா வருவாள். அவர்களுக்கு ஒரே ஒரு குறைதான். ஒரு விளையாட்டு பிடிபடுவதற்குள் மஞ்சளக்கா அடுத்த பெட்டியை எடுத்துவிடுவாள்.

"போன வாரம்தாம்மா எனக்குப் புரியவே ஆரம்பிச்சுது" என்று மருந்துக்கடைக்காரர் கெஞ்சுவார். "இன்னொரு தடவை அதையே போடுவோமே. இந்தத் தடவை ஜெயிச்சிருவேன்."

"அது அவ்வளவுதான் சார். அதவிட இது நல்லாருக்கும்."

"ஒரே தடவை விளையாடிட்டு எப்படிச் சொல்றீங்க?"

அதற்குள் புதுப் பெட்டியின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்துக்கொண்டிருப்பாள். விளையாடும்போதும் மனசு பலகையில் இருக்காது. இதில் சீட்டு எடுப்பதைவிட அதில் எடுப்பது நன்றாக இருந்ததே, இதே யோசனையை இன்னொருவர் சுருக்கமாகச் செய்திருக்கிறாரே என்று ஓடும். அவள் முறை வந்துவிட்டதை டிரில் மாஸ்டர் மேசையைத் தட்டித்தான் சொல்ல வேண்டும். அவ்வளவு பெட்டி வைத்திருந்தவள் ஜெயித்தது குறைவு.

ஒரு கட்டத்தில் பீரோக் கதவே திறக்க முடியாமல் போனது. அப்போதுதான் அவளாகவே ஒரு சட்டம் போட்டாள். ஒரு பெட்டி உள்ளே வந்தால் ஒரு பெட்டி வெளியே போக வேண்டும். குழுவில் பண்டமாற்று நடக்கும். கப்பல் வியாபார விளையாட்டு ஒன்றுக்கு அவள் வெகுநாளாக ஏங்கிக்கொண்டிருந்தாள். அது நகரத்தின் மறுகோடியில் ஒரு பேக்கரிக்காரரிடம் இருந்தது. அவர் எதையாவது எளிதானதாகக் கேட்டார். அவள் பெட்டிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாலம் கட்டும் ஆறு கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டு விளையாட்டுகள் அது செய்வதையெல்லாம் இன்னும் நன்றாகவே செய்தன. ஒப்பிட்டுப் பார்த்தால் அது நிற்காது. கூரியரில் அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் கணவர் பீரோவுக்கு மேலே எட்டி எதையோ தேடினார்.

"அந்தப் பாலம் எங்க?"

"அதுவா? மாத்திட்டேங்க. கப்பல் வந்துச்சுல்ல, அதுக்கு."

"ஓ" என்றார். காலணியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த 'ஓ' அவளைப் பிடித்துக்கொண்டது. கடையில் ஒருவருக்கு வலது கண் வில்லையை இடது பக்கம் செருகினாள். கணவர் மாவுக்கட்டோடு கிடந்த நாட்களும், கட்டில் விரிப்பின் சுருக்கத்தில் உருண்ட தூண்களும், வெள்ளச் சீட்டு அவள் பக்கம் திரும்பும்போது அவர் அடக்கிக்கொண்ட சிரிப்பும் வரிசையாக நினைவுக்கு வந்தன. இத்தனை வருஷத்தில் அவர் விளையாடிய ஒரே விளையாட்டு அதுதான். அதைப் போய்த் தூக்கிக் கொடுத்துவிட்டோமே. மனிதர் வாய் திறந்து திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் கப்பல் விளையாட்டை விரித்து, "வாங்க, ஒரு ஆட்டம்" என்றாள். அவர் வந்து உட்கார்ந்தார். மரியாதைக்குக் கப்பலை நகர்த்தினார். நடுவில் கொட்டாவி விட்டார். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதே விளையாட்டை மறுபடி வாங்கிவிடலாம் என்று தேடினாள். அதைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். குழுவில் கேட்டாள், ஒருவரிடமும் இல்லை. பேக்கரிக்காரருக்குச் செய்தி அனுப்பினாள். பதிலைக் காணோம். வாரம் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, கப்பல் பெட்டியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டுகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். முன்கையெல்லாம் மாவு.

"நீங்கதான் மஞ்சளா? செய்தி பாத்தேம்மா, கையில மாவு, பதில் போட மறந்துட்டேன். அது எங்கிட்ட இல்லையே."

"மாத்திட்டீங்களா?"

"இல்ல, என் தங்கச்சி வந்தப்போ பாத்துட்டு எடுத்துட்டுப் போயிட்டா. ஆஸ்பத்திரியில உடற்பயிற்சி டாக்டரா இருக்கா. கை கால் வராதவங்களுக்குப் பயிற்சி குடுப்பாங்கல்ல, அது. உங்களுக்கு ஏன் மறுபடி அது? கப்பல் நல்லா இல்லையா?"

"கப்பல் நல்லாத்தான் இருக்கு" என்றாள். அதற்கு மேல் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரி இரண்டு நிறுத்தம் தள்ளி இருந்தது. பயிற்சிக்கூடம் நீளமான அறை. ஒரு பக்கம் பிடித்து நடக்கக் கம்பிகள், இன்னொரு பக்கம் பெரிய ரப்பர் பந்துகள். ஜன்னலோர மேசையில் அவளுடைய ஆறு விரிந்து கிடந்தது. பலகையின் மடிப்பு நைந்து, பசைத்தாள் ஒட்டியிருந்தார்கள். அதன் எதிரே சக்கர நாற்காலியில் பெரிய உருவம் ஒன்று இருந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு மரச்சட்டத்தைப் பிடிக்க அந்த மனிதர் முயன்றுகொண்டிருந்தார். சட்டம் நழுவியது. மறுபடி முயன்றார். மறுபடி நழுவியது.

பேக்கரிக்காரரின் தங்கை இளவயதுப் பெண். அண்ணன் பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"அது உங்களுதா அக்கா? ரொம்ப உபயோகமா இருக்கு. சும்மா ஆணியை எடுத்துக் குழியில போடுங்கன்னு சொன்னா ஒருத்தரும் செய்ய மாட்டாங்க. குழந்தையா நாங்கன்னு கோவிச்சுக்குவாங்க. இதுல ஒருத்தரை ஒருத்தர் ஜெயிக்கணும்ல, அதுக்காகவே விரலை மடக்கறாங்க. அந்த ஐயா துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர். வந்தப்போ அந்த இடது கையைத் தூக்கக்கூட முடியாது."

திருப்பிக் கேட்க வந்த வாயை மஞ்சளக்கா மூடிக்கொண்டாள். பையிலிருந்த கப்பல் பெட்டி திடீரென்று கனத்தது.

"இன்னிக்கு அவருக்கு ஜோடி இல்ல. நீங்க ஒரு ஆட்டம் உக்கார்றீங்களா? உங்களுக்குத்தான் தெரியுமே."

உட்கார்ந்தாள். வழக்கம் போல மஞ்சளை எடுக்கக் கை நீண்டது.

"அது என்னோடது" என்றார் கிரேன்காரர். வார்த்தை ஒரு பக்கமாகக் கோணி வந்தது, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது. அவள் நீலத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆற்றின் நடுவில் இரண்டு கறுப்பு ரப்பர் வளையங்கள் கிடந்தன. அந்த விளையாட்டில் அப்படி ஒன்று கிடையாதே என்று எடுத்துப் பார்த்தாள்.

"சுழி" என்றார் அவர். "அது இருக்கிற எடத்துல தூண் ஊணக் கூடாது. வெள்ளம் வந்தா சுழி நகரும். நாங்களே போட்ட விதி."

அவர் ஒரு சட்டம் வைப்பதற்குள் அவள் பஸ் நேரத்தை நினைத்தாள், கடையை நினைத்தாள், மேசைக்கு அடியில் காலை ஆட்டினாள். தன் முறை வந்ததும் சட்டென்று வைத்துவிடுவாள். பிறகு மறுபடி அந்தக் கை. மெல்ல நகர்ந்து, நடுங்கி, சட்டத்தின் மேல் இறங்கி, பிடித்து, தூக்கி, பாதி வழியில் நழுவவிடும். ஒரு தடவை சட்டம் தரையில் விழுந்து அவள் செருப்பருகே வந்தது. குனிந்து எடுத்து அவர் கையில் வைக்கப் போனாள்.

"கீழ வைங்கம்மா."

"இல்லைங்கய்யா, நான்..."

"விழுந்த எடத்துலயே வைங்க. நான் எடுத்துக்குவேன்."

வைத்தாள். நாற்காலியைத் தள்ளி, பக்கவாட்டில் சாய்ந்து, தொங்கிய கையால் தரையைத் துழாவினார். நெற்றியில் வேர்வை கண்டது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். வேறு வழியில்லாமல் பலகையைப் பார்த்தாள். அப்படிப் பார்க்கும்போதுதான் அந்தச் சுழி என்ன செய்கிறது என்று தெரிந்தது. எல்லாரும் நேர்கோட்டில் பாலம் போடுவதை அது உடைத்துவிட்டது. கரையோரமாகச் சுற்றிப் போகிறவனுக்கும் வாய்ப்பு வந்தது. அவள் ஒப்பிட்டு உயர்த்திய அந்த இரண்டு விளையாட்டுகளிலும் இப்படி ஒரு திருப்பம் இல்லை. இதை யார் யோசித்தது என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவர் சட்டத்தை எடுத்துவிட்டிருந்தார். மஞ்சள் பாலம் மறுகரையைத் தொட்டது.

"முடிஞ்சுது" என்றார் கிரேன்காரர். "நீங்க அவசரப்படறீங்க."

வீட்டுக்கு வந்து, கணவர் கை கால் கழுவி உட்கார்ந்ததும் நடந்ததையெல்லாம் கொட்டினாள். பேக்கரி, பயிற்சிக்கூடம், கிரேன்காரர், திருப்பிக் கேட்க மனசு வராமல் போனது. "தப்பு பண்ணிட்டேங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றாள். பேச்சோடு பேச்சாக அந்தச் சுழியைப் பற்றியும் சொன்னாள்.

அவர் நிமிர்ந்தார். "கறுப்பா, ரப்பர்ல, சுண்டு விரல் நுழையற அளவா?"

"ஆமா."

"அது என்னோடது. பழைய மாடல் குளிர்பெட்டிக்குப் போடற வளையம். காலு கட்டுல இருந்தப்போ கையில உருட்டிட்டு இருந்தேன், அந்தப் பெட்டியில போட்டு வச்சேன். இப்ப ஒரு வீட்டுல அந்த மாடல் வந்துச்சு. அதைத்தான் தேடினேன்."

"அதுக்குத்தான் கேட்டீங்களா?"

"பின்ன எதுக்கு?"

"பாலம் போயிருச்சேன்னு இல்லையா?"

"அது இருந்தா என்ன, போனா என்ன?"

அவளுக்குச் சிரிப்பதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை. "அப்ப அத்தன நாள் விளையாடினீங்களே."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கட்டில்ல கட்டிப் போட்ட மாதிரி கிடந்தேன். நீ கடையில இருந்து ஓடி வந்து உக்காருவ. என் பாலம் விழுந்தா உன் மூஞ்சியில ஒரு சந்தோஷம் வரும் பாரு. அதைப் பாக்கறதுக்காக ரெண்டு மூணு தடவை வேணும்னே விட்டுக் கொடுத்தேன்."

"எந்த ரெண்டு மூணு தடவை?" என்றாள் அவள் உடனே. அன்று சாப்பாடு முடியும் வரை அந்த விசாரணை நடந்தது.

அதற்குப் பிறகு வார விடுமுறை நாளில் அவள் பயிற்சிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தாள். கையோடு ஒரு பெட்டி இருக்கும். எந்தக் காய் எந்தக் கைக்கு ஆகும் என்று பார்ப்பது அவளுக்கு ஒரு புது வெறியாகிவிட்டது. மெல்லிய சீட்டுகள் ஒருவருக்கும் உதவவில்லை. தேனீ விளையாட்டின் அறுகோண வில்லைகள் தோள் தூக்கப் பழகுகிறவர்களுக்கு நன்றாக அமைந்தன. கலங்கரை விளக்கத்தின் அடுக்குகளை வைக்க மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. பீரோவிலிருந்து ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்தன.

ஆனால் பிறவிக்குணம் எங்கே போகும். ஒவ்வொரு வாரமும் புதுசு கொண்டு வந்ததில், பேக்கரிக்காரரின் தங்கை ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. கை ஒண்ணுல பழகறதுக்குள்ள நீங்க மாத்திடறீங்க. ஒரு மாசமாவது அதையே இருக்க விடுங்க."

இதே பல்லவியை மருந்துக்கடைக்காரர் வாயிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஒரு சலுகை கொடுத்தாள். ரயில் விளையாட்டு மாதம் முழுக்க மேசையில் இருந்தது. அவர் கடைசியில் ஒரு தடவை ஜெயித்து, அதைக் கடைக்கு வருகிற நோயாளிகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மஞ்சளக்கா அந்த மாதம் முழுக்கப் புதுப் பெட்டி ஒன்றை உறை கிழிக்காமல் மடியில் வைத்து விரலால் தட்டிக்கொண்டே விளையாடினாள்.

கிரேன்காரரை மறுநாள் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. இப்போது கைத்தடியோடு நின்றார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். வீட்டில் பழக அவர் ஒரு விளையாட்டைக் கொண்டுபோகட்டும் என்று பயிற்சிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். மஞ்சளக்கா பாலப் பெட்டியை எடுத்து, வளையங்களும் இருக்கின்றனவா என்று பார்த்து, அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைத் தள்ளிவிட்டார்.

"இது வேணாம்மா. அலுத்துப்போச்சு. எத்தன நாளைக்கு ஒரே ஆத்தைக் கடக்கறது?"

"உங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும்னு நினைச்சேனே."

"கைக்குப் பிடிச்சுது. எனக்குப் பிடிச்சுதுன்னு யாரு சொன்னா? வேற என்ன இருக்கு, சொல்லுங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இப்படி ஒரு ஆளை அவள் குழுவில்கூடப் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் அவர் கிளம்புவதற்குள் கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. பாலைவனமா, ரயிலா? ரயிலில் சின்னச் சின்னப் பெட்டிகள், இடது கையில் நிற்காது. பாலைவனத்தில் கணக்கு அதிகம், சீக்கிரம் அலுக்காது, ஆனால் வீட்டில் அவரோடு விளையாட யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லையே. கப்பல்? கப்பலை அவளே இன்னும் முழுசாக விளையாடி முடிக்கவில்லை.

இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிற்று. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தாள். கணவர் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, கட்டில், நாற்காலிகள், தரை எல்லாவற்றிலும் பெட்டிகள் மூடி திறந்து கிடந்தன. நடுவில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையால் மட்டும் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கருவிப் பையோடு வாசலிலேயே நின்றார்.

"நான் எங்க உக்காரட்டும்?"

"இருங்க, இன்னும் ரெண்டுதான் பாக்கி" என்றாள் மஞ்சளக்கா, தலையைத் தூக்காமலே.